ஏழு வரிசைத் திராட்சையும் ஒரு டப்பா பெயிண்டும்

சேக்காடு, ஆவடி
மார்ச் 18, செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் ரேஷ்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று நினைத்திருப்பாய். பயப்படாதே. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பார்த்தேன். போன ஞாயிறு நான் தொண்டையைச் செருமியதும் உனக்கு சிக்னல் போய்விட்டது. அதற்கு முந்தின ஞாயிறு டிராக்டர் வந்துவிட்டது. தவிர, எனக்கு ஒரு பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். பேக்டரியில் வாயால் சொன்ன குறைக்கு மதிப்பே கிடையாது. என்ன குறை, எங்கே, எதனால், இனி என்ன செய்வது என்று நான்கையும் காகிதத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால்தான் அது குறை. இல்லாவிட்டால் டீக்கடைப் பேச்சு. பதினான்கு வருடம் இரும்பு வார்ப்புகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, மகளுக்கு எழுதும்போது மட்டும் நான் வேறு ஆளாகிவிட முடியாது. ஆகவே உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து எழுதுவேன். பொறுமையாகப் படி.

முதலில் ஊர்ச் செய்தி. நம் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காக மறுபடி தோண்டியிருக்கிறார்கள். போன வருடம் தோண்டி மூடியது எதற்கு என்று கேட்டேன். அது குடிநீருக்காம். ஸ்கூட்டரைக் கோயில் முனையிலேயே நிறுத்திவிட்டு, பலகை மேல் நடந்து வீட்டுக்கு வருகிறோம். அம்மாவின் முழங்காலைப் பூந்தமல்லி டாக்டரிடம் காட்டினேன். நடக்கச் சொல்கிறார், மாடி ஏறக் கூடாது என்கிறார். மாடியில் காயப்போட்ட வடகத்தை யார் எடுப்பது என்று உன் அம்மா அவரையே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். இப்போது வடகம் என் டிபார்ட்மெண்ட்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாதம் எட்டாம் தேதி மாப்பிள்ளை தன் நண்பனின் தங்கை கல்யாணத்துக்காகப் பூந்தமல்லிக்கு வந்தார். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கிற நேரம் என்று நீ வரவில்லை. இரண்டு நாள் நம் வீட்டில் தங்கினார். அவர் பையில் இரண்டு ஒயின் பாட்டில் இருந்தது. நீ விவசாயப் படிப்பு முடித்து நாசிக் பக்கம் ஒயின் கம்பெனியில் சேர்ந்தபோது, நான் தெருவில் "திராட்சைத் தோட்டத்தில் வேலை" என்று மட்டும்தான் சொல்லிவந்தேன். அப்புறம் நீயும் மாப்பிள்ளையும் நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, அந்தத் திராட்சையைக் கம்பெனிக்குக் கொடுக்க ஆரம்பித்தபோதும் அப்படியே சொன்னேன். இதைக் கடைசியில் போட்டு உடைத்தவன் சம்பந்தம்தான். பேக்டரியில் என்னோடு இருபது வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன், அடுத்த தெருவில் வீடு கட்டியவன், எதையும் மெதுவாகப் பேசத் தெரியாதவன். காய்கறிக் கடையில் பத்துப் பேர் நடுவில் "இன்னா மச்சான், உம் பொண்ணு சரக்கு காச்சுதாமே?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து மறைக்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை கொண்டுவந்த பாட்டில் இரண்டும் உன் தோட்டத்துத் திராட்சையில் கம்பெனி தனியாகப் போட்டது. ஒன்று ஐந்து வருடத்துக்கு முந்தைய அறுவடை. இன்னொன்று போன வருடத்தது. ருசி பார்க்க எனக்குத் தெரியாது, அம்மா சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். ஆகவே சம்பந்தத்தைக் கூப்பிட்டேன். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். பழையது நாவல்பழச் சாறு மாதிரி கறுத்திருந்தது, டம்ளரின் அடி தெரியவில்லை. புதியதில் அடியில் பொறித்திருந்த அம்மாவின் பெயரைப் படிக்க முடிந்தது. சம்பந்தம் இரண்டையும் குடித்துவிட்டு முதல் டம்ளரை மறுபடி எடுத்து முகர்ந்து பார்த்தான். அப்புறம், "மொதல்ல குட்ச்சது பேசுது மச்சான். இது வாயே தொறக்கல" என்றான்.

மாப்பிள்ளை விளக்கினார். பழத்தில் சர்க்கரை ஏறவில்லையாம். கம்பெனி கேட்பது இருபத்து நான்கு டிகிரி, நம்முடையது பத்தொன்பதில் நின்றுவிட்டதாம். ஒரே கொத்தில் பாதிப் பழம் கறுத்து, மீதி பச்சையாகவே நிற்கிறதாம். பச்சையும் சேர்ந்து நசுங்குவதால் ஒயினில் நிறம் இல்லை, கனம் இல்லை, கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு. இந்த வருட அறுவடை அதைவிட மோசம் என்றும், அடுத்ததும் இப்படியே வந்தால் கம்பெனி வண்டி வராது என்றும், வண்டி வராவிட்டால் தோட்டத்துச் சொந்தக்காரர் குத்தகையை நீட்டமாட்டார் என்றும் சொன்னார். நீ என்னிடம் போனில் பருவம் சரியில்லை என்றுதான் சொல்லியிருந்தாய். பருவம் மேல் பழி போட்டால் பருவம் வந்து மறுக்கப்போவதில்லை. நானும் இத்தனை நாள் நம்பினேன்.

சம்பந்தம் போனபிறகு மாப்பிள்ளை பையிலிருந்து இந்தி நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு கட்டையை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். முழங்கை நீளம், மணிக்கட்டைவிடத் தடிமன். திராட்சைக் கொடியின் அடித்தண்டு. நடுவில் நீளவாக்கில் பிளந்து இரண்டாக்கியிருந்தார். "மாமா, வார்ப்பு உடைஞ்சா விரிசல் எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு நீங்க பாத்தே சொல்லுவீங்களாமே. இதுல சொல்லுங்க பாப்போம்" என்றார்.

எனக்கு ரிட்டயர் ஆகி ஆறு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். லென்ஸை எடுத்துவரச் சொன்னேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல மரம் வெளிர் மஞ்சளாக இருந்தது. அதன் நடுவே ஆப்பு அடித்த மாதிரி ஒரு பழுப்பு. மேலே அகலம், கீழே போகப்போகக் குறுகல். பழுப்பு இருந்த இடத்தில் நகத்தால் குத்தினால் பொடி உதிர்ந்தது. ஆப்பின் அகலமான பக்கம் எங்கே முடிகிறது என்று பார்த்தால், பக்கவாட்டில் ஒரு பழைய வெட்டு. கிளை ஒன்றை எடுத்த இடம். தண்டோடு தண்டாக, மட்டமாக, துளி மேடு இல்லாமல் வெட்டியிருந்தது.

நான் தீர்ப்புச் சொன்னேன். நோய் இந்த வெட்டு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. இவ்வளவு ஒட்ட வெட்டினால் காயும்போது அந்த உலர்வு நேரே தண்டுக்குள் இறங்கும், கிளையில் கொஞ்சம் கட்டை விட்டு வெட்டியிருந்தால் அது கட்டையோடு நின்றிருக்கும், இதைச் சின்னக் குழந்தைகூட யோசிக்கும் என்றேன். அதோடு விட்டேனா? "எவனோ வேலை தெரியாத பய வெட்டியிருக்கான் மாப்ளே. அவனை மறுபடி தோட்டத்துக்குள்ள விடாதீங்க" என்றேன்.

மாப்பிள்ளை கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வெட்டு முகத்தின் ஓரத்தில், துவரம்பருப்பு அளவுக்கு, மஞ்சள் பெயிண்ட்.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். இதற்கு மேல் நாளை எழுதுகிறேன்.

புதன்கிழமை, காலை ஏழரை

நேற்று சாப்பிட்டபிறகு எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. இன்று பால் வாங்கி வந்து, வடகத்தை மாடிக்கு ஏற்றிவிட்டு எழுதுகிறேன்.

அந்த மஞ்சள் பொட்டு என்னுடையது. உனக்கு அது தெரியும். தெரிந்தும் ஆறு வருடம் சொல்லவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

நான் ரிட்டயர் ஆன வருடம், ஏப்ரலில், ஒரு மாதம் உன் தோட்டத்துக்கு வந்தேன். தோட்டம் உன் கைக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான். முன்பிருந்த குத்தகைக்காரர் கொடிகளைக் கண்டபடி விட்டிருந்தார், நீ பழைய கிளைகளை எடுத்துவிட்டுப் புதுக் கிளை கட்டிக்கொண்டிருந்தாய். உன் ஆட்கள் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு அங்குலக் கட்டை விட்டிருந்தார்கள். வரிசை முழுக்க முளைமுளையாக நீட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சமயம் நீ ஏதோ பயிற்சிக்கு ஐந்து நாள் புனே போனாய். மாப்பிள்ளையும் ஊரில் இல்லை. என்னிடம் நீ சொல்லிவிட்டுப் போன வேலை ஒன்றே ஒன்று, நாய்க்குச் சோறு வைப்பது.

எனக்கு அந்தக் கட்டைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஆவதற்கு முன்னால் இருபது வருடம் என் வேலையே அதுதானே. வார்ப்பு அச்சிலிருந்து வெளியே வரும்போது, உருக்கிய இரும்பு ஊற்றிய வழியெல்லாம் கட்டை கட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி, அரைத்து, அரம் போட்டு, அங்கே ஒரு கட்டை இருந்ததே தெரியாதபடி மட்டமாக்க வேண்டும். கையால் தடவினால் தட்டுப்படக் கூடாது. எங்கள் செக்‌ஷனில் என் மட்டத்துக்குப் பேர் உண்டு. அதிகாரிகள் பார்வையிட வந்தால் என் வேலையைத்தான் காட்டுவார்கள்.

உன் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்தேன். சந்தையில் ஒரு அரமும் உப்புத்தாளும் வாங்கினேன். முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். கட்டையை ஒட்ட அறுத்து, அரத்தால் இழைத்து, உப்புத்தாள் போட்டேன். உன் மேஸ்திரி ஓடிவந்து ஏதோ சொன்னார். கட்டையைக் காட்டினார், ஆகாயத்தைக் காட்டினார், தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பாஷை எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். முதலாளியின் அப்பா என்ற திமிர். ஐந்து நாளில் ஏழு வரிசை, வரிசைக்கு அறுபது கொடி, மொத்தம் நானூற்று இருபது. எண்ணைப் பார்த்துச் சம்பந்தம் சிரித்தான், நீயும் சிரித்துக்கொள்.

வேலை முடிந்த ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தேன். பேக்டரியில் பாஸ் ஆன வார்ப்புக்கு அப்படித்தான் வைப்போம்.

நீ திரும்பி வந்த அன்று உன்னைக் கையைப் பிடித்து முதல் வரிசைக்குக் கூட்டிப்போனேன். நீ ஏழு வரிசையும் நடந்தாய். அவ்வளவு நேரம் எதற்கு நடக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை, ரசிக்கிறாய் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் நின்று, "மழை எப்பப்பா பெஞ்சுது?" என்று கேட்டாய். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தூறல் போட்டது, நான் வேலையை நிறுத்தவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். நீ ஒரு வெட்டு முகத்தைத் தடவிப் பார்த்தாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "ரொம்ப நீட்டா இருக்குப்பா" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன், ரேஷ்மா.

மழை எதற்குக் கேட்டாய் என்று மாப்பிள்ளை இப்போதுதான் சொன்னார். செத்த மரத்தில் இருக்கிற பூஞ்சை மழை ஈரத்தில்தான் கிளம்புமாம். புது வெட்டுக் காயம் திறந்திருந்தால் அதில் போய் உட்காருமாம். உட்கார்ந்ததும் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கொடி நன்றாகவே காய்க்கும். உள்ளே மட்டும் விரல் விரலாக இறங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு கோடையில் இலையில் நரம்புக்கு நரம்பு மஞ்சள் பட்டை விழும், தளிர் குட்டையாக நிற்கும், காய் ஒரு பக்கம் பழுத்து ஒரு பக்கம் நிற்கும். அப்போது பார்த்தால் பாதித் தண்டு போயிருக்கும். மருந்து அடித்துக் குணமாக்க முடியாது என்றார். நான் ஒட்ட ஓட்டிய ரம்பத்தின் ஒரு நிமிட வேலை அது.

இதில் என்னை உறுத்துவது எது தெரியுமா? காயத்தை மூடப் பெயிண்ட் பூசினாலே பாதிக்கு மேல் தப்பித்திருக்கும் என்கிறார் மாப்பிள்ளை. டப்பா என் கையில் இருந்தது. பிரஷ் என் கையில் இருந்தது. இழைத்த இடம் மறைந்துவிடக் கூடாது, பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் ஒரு பொட்டோடு நிறுத்திவிட்டேன்.

இது நடந்த கதை. இதில் என் தப்பு பாதிதான். இன்னொரு பாதியை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்திருக்கிறேன்.

ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் போனில் நான் உன்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என் ஏழு வரிசை எப்படி இருக்கு?" என்பது. உன் உடம்பு எப்படி என்றுகூட அப்புறம்தான் கேட்பேன். நீயும் நன்றாக இருக்கிறது என்பாய். போன வருடம் படம் கேட்டேன். அனுப்பினாய். பச்சைப் பசேலென்று, கொத்துக் கொத்தாக. அதை நெமிலிச்சேரி ஸ்டுடியோவில் பெரிதாக்கி லேமினேட் செய்து ஹாலில் மாட்டினேன். வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவனைக்கூட விடவில்லை. மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பிய பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு தண்டிலும் மஞ்சள் பொட்டு இல்லை. கம்பத்தில் எழுதியிருக்கும் வரிசை எண் பதினெட்டு. இன்ஸ்பெக்டர் வீட்டு ஹாலில் ஒரு வருடமாகத் தொங்கிய படம். எனக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. வேறு என்ன படம் அனுப்புவாய் நீ.

மாப்பிள்ளை மேல் கோபப்படாதே. கட்டையைக் கொண்டுவந்தது உனக்குத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, எழுதத்தான் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் அழாத குறை. மற்ற வரிசைகளில் நோய் தெரிந்த கொடிகளை நீ போன வருடமே வெட்டிவிட்டாயாம். பழுப்பு முடிகிற இடத்துக்கும் கீழே, வெளிர் மஞ்சள் மரம் தெரிகிறவரை வெட்டி, அடியிலிருந்து வந்த ஒரு தளிரைப் புதுத் தண்டாக ஏற்றிவிட்டாயாம். இரண்டு வருடத்தில் பழையபடி காய்க்குமாம். ஆனால் அந்த ஏழு வரிசைக்கு வந்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிடுகிறாயாம்.

"நாலு வாட்டி சொல்லிட்டேன் மாமா. 'அப்பா ஞாயித்துக்கெழம கேப்பார், நா இன்னான்னு சொல்வேன்'ங்கறா" என்றார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் என்னை ஒரு வார்த்தை சொல்லாதவள் இல்லை அவள். அன்று மட்டும் அந்தக் கட்டையை எடுத்துப் பேப்பரில் சுற்றி மாப்பிள்ளை பையிலேயே வைத்தாள். மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போதுதான், "பொண்ணு இன்னாத்துக்கு பயந்துகினு கீதுன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். தெரிந்தது என்றேன்.

இனி என்ன செய்வது என்பது நான்காவது. இதைத்தான் எழுத வந்தேன்.

ஏழு வரிசையையும் வெட்டு. ஒன்றுகூட விடாதே. பழுப்பு இப்போது முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது என்று மாப்பிள்ளை அளந்து சொன்னார். இன்னும் ஒரு சாண் இறங்கினால் ஒட்டுக் கட்டிய இடம் வந்துவிடும், அதற்கும் கீழே வெட்டினால் காட்டுக்கொடிதான் துளிர்க்கும், ஒயினுக்கு ஆகாது என்றும் சொன்னார். அடுத்த வருடம் வெட்டலாம் என்பது கிடையாது. இந்த ஏப்ரல்தான். அது மட்டுமில்லை, அந்த அழுகின கட்டைகள் நிற்கிறவரை ஒவ்வொரு மழைக்கும் மற்ற வரிசைக்கு ஆபத்து. நீ வெட்டிச் சரிசெய்த கொடிகளும் மறுபடி மாட்டும். வெட்டியதை அன்றன்றே கொளுத்திவிடு. வானம் தெளிவாக இருக்கிற நாளாகப் பார்த்து வெட்டு. இதையெல்லாம் உனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் பார், புத்தி எங்கே போகும்.

இனி ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வரிசைகளைப் பற்றிக் கேட்கமாட்டேன். உன் உடம்பைப் பற்றிக் கேட்பேன், நாயைப் பற்றிக் கேட்பேன். மீதியை நீயாகச் சொன்னால் சரி.

இன்னொரு விஷயம். இது உத்தரவு இல்லை, விண்ணப்பம்தான். ஏப்ரல் பத்தாம் தேதி புனேக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட் பதினான்கு. அங்கிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். நீ வர வேண்டாம் என்றால் கேன்சல் செய்துவிடுகிறேன், வருத்தப்படமாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன், உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. வந்தால் ரம்பத்தைத் தொடமாட்டேன். அரம், உப்புத்தாள் ஒன்றும் என் பையில் இருக்காது, வேண்டுமானால் மாப்பிள்ளை சோதனை போடட்டும். வெட்டுவது உன் மேஸ்திரி. எவ்வளவு கட்டை விட வேண்டும் என்று அவர் சொல்கிறாரோ அவ்வளவு, பார்க்க எப்படி இருந்தாலும் சரி. நான் அவருக்குப் பின்னால் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வருவேன். இந்தத் தடவை பொட்டு வைக்கமாட்டேன். முழுக்கப் பூசுவேன். மரம் கண்ணுக்கே தெரியாதபடி இரண்டு கோட்டிங். அவர் பாஷையில் "தப்பு என்னுடையது" என்பதற்கு என்ன வார்த்தை என்று எழுதி அனுப்பு, ரயிலில் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

வடகம் ஒரு டப்பா, மிளகாய்ப் பொடி அரைக் கிலோ அம்மா எடுத்துவைத்திருக்கிறாள். நான் வராவிட்டாலும் கூரியரில் வரும். சம்பந்தம் உன்னை விசாரித்தான். பழைய பாட்டிலில் மிச்சம் இருந்ததை அவனே கொண்டுபோய்விட்டான், புதியதை விட்டுவிட்டான். அது பிரிட்ஜில் அம்மாவின் புளிக்குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருநாள் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அதன் குறை என்ன என்று எனக்கு ருசியில் தெரியவில்லை. கண்ணில் தெரிந்தது.

ஹாலில் இருந்த படத்தைப் போன வாரமே இறக்கிவிட்டேன். அந்த இடம் சுவரில் நாலுபக்கமும் வெளுத்துச் சதுரமாகத் தெரிகிறது, வருகிறவர்கள் கேட்கிறார்கள். வெட்டி முடித்ததும் ஏழு வரிசையையும், முழங்கால் உயரக் கட்டையாக நிற்கிறபடியே, ஒரு படம் எடுத்து அனுப்பு. கம்பத்து எண் ஒன்றிலிருந்து ஏழு வரை தெரிய வேண்டும். அதே அளவுக்குப் பெரிதாக்கி அதே ஆணியில் மாட்டுகிறேன். கேட்கிறவர்களுக்கு இது என்ன, யார் செய்தது, யார் சரிசெய்தது என்று நானே சொல்கிறேன்.

என்னை நினைத்துத் தயங்காதே, ரேஷ்மா. நீ வெட்டுகிற இடமெல்லாம் துளிர்க்கட்டும்.

உன் அப்பா,
ஏகாம்பரம்